கடனும் கடிகாரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழாவில் பேச வருவோர் இலக்கியம் பேசுவர், இசை பேசுவர், தாய்மொழியின் பெருமை பேசுவர். என்னையோ, சதுரங்கத்தைப் பற்றிப் பேசுக என்று செயலாளர் அவர்கள் பணித்துவிட்டார்கள். நான் பேர்பெற்ற ஆட்டக்காரன் அல்லேன். பிலாய் எஃகு ஆலையின் கணக்குப் பிரிவில் 38 ஆண்டுகள் வரவும் செலவும் எழுதி ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற நாள் முதலாக, ஞாயிறு மாலைகளில் தமிழ் வகுப்பு முடிந்தபின், இம்மண்டபத்தின் பின்கட்டில் நம் காலனிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித் தருகிறேன். என் தகுதி அவ்வளவே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு வெற்றிக் கதையன்று. நான் செய்த ஒரு பிழையைப் பற்றியது. அப்பிழையால் நம் பிள்ளைகளுள் ஒருவன் இம்மண்டபத்துப் பக்கமே வராமல் இரண்டு மாதம் இருந்தான். அவன் இசைவு பெற்றே பேசுகிறேன்; ஆயினும் பெயரைச் சொல்லப்போவதில்லை.

சதுரங்கம் நமக்குப் புதிதன்று. மன்னார்குடிக்கு அருகில் திருப்பூவனூர் என்றொரு தலம் உண்டு. அங்கே எழுந்தருளியுள்ள இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே திருநாமம். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல இயலாத அரசகுமாரியை இறைவன் சித்தர் வடிவில் வந்து ஆடி வென்று மணந்தான் என்பது தலவரலாறு. இறைவனே வந்தமர்ந்து ஆடிய ஆட்டமாயின், ஓய்வு பெற்ற கணக்கன் ஒருவன் அதைப் பற்றிச் சிறிது பேசுவது தவறாகாது அன்றோ?

ஆட்டம் அறியாத தாய்மார்களும் இங்கே இருக்கிறார்கள். ஆதலின் ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய் என்று நம் வீடுகளில் வழங்கும் பெயர்களையே சொல்கிறேன். சிப்பாய் சிறியது, ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர் இருவர் பொறுமையாக ஆடினால் ஒரே ஒரு சிப்பாயின் குறைவே தோல்விக்குப் போதுமானதாகிவிடும். அப்படிப்பட்ட சிப்பாயை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒருவர் வேண்டுமென்றே எதிரிக்குக் கொடுத்துவிடுவதுண்டு. அதற்குக் காம்பிட் என்று பெயர். மற்போரில் எதிரியின் காலை இடறிவிடுவதற்கு இத்தாலிய மொழியில் வழங்கிய சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். ரூய் லோபஸ் என்னும் ஸ்பானியப் பாதிரியார் 1561ஆம் ஆண்டு வெளியிட்ட சதுரங்க நூலில் அதை ஆள்கிறார்.

கொடுப்பது எதற்காக? காலத்திற்காக. எதிரி அந்தச் சிப்பாயை வெட்டிக்கொள்ள ஒரு நகர்வைச் செலவழிக்கிறான். அதற்குள் நான் என் படையை வெளியே கொணர்ந்து அவன் ராஜாவைத் தாக்க முனைகிறேன். கணக்கன் மொழியில் சொன்னால் இது கடன். சிப்பாயை ஈடு வைத்து நேரத்தைக் கடன் வாங்குகிறேன். வாங்கிய நேரத்தில் தொழில் நடந்து இலாபம் வந்தால் பிழைத்தேன். வராவிட்டால், ஆட்டம் நீள நீள, கடன்காரன் வாசலில் வந்து நிற்பான்.

இக்கடனை உலகம் மெச்சிய காலம் ஒன்றிருந்தது. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், அடோல்ஃப் ஆண்டர்சன் என்னும் ஜெர்மானிய ஆசிரியர் கீசெரிட்ஸ்கி என்பவரோடு பொழுதுபோக்காக ஓர் ஆட்டம் ஆடினார். கிங்ஸ் காம்பிட் என்னும் தொடக்கம் அது. ஆண்டர்சன் ஒரு மந்திரியையும் இரண்டு யானைகளையும் முடிவில் ராணியையும் பலி கொடுத்து, எஞ்சிய சிறு படையைக் கொண்டு 23ஆம் நகர்வில் எதிரியின் ராஜாவை மடக்கினார். அதற்கு ‘இறவா ஆட்டம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பின்னர் வந்தார் ஸ்டெய்னிட்ஸ். 1886இல் முதல் உலக வாகையர் ஆனவர். பலியைக் கண்டு மருளாதே, வாங்கிக்கொள், பொறுமையாகக் காத்துக்கொள், தாக்குதல் ஓய்ந்ததும் கையில் மிஞ்சிய பொருளைக் கொண்டு வெல் என்பது அவர் காட்டிய நெறி. அந்நெறி பரவப் பரவ, அழகிய காம்பிட்டுகள் பலவற்றின் சாயம் வெளுத்தது. 1960இல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் பாபி ஃபிஷர், ஸ்பாஸ்கியின் கிங்ஸ் காம்பிட்டுக்கு எதிராகத் தோற்றார். மறு ஆண்டே, இந்தக் காம்பிட் செல்லாது என்று ஒரு கட்டுரை எழுதினார். வேடிக்கை யாதெனில், 1963இல் அமெரிக்க வாகையர் போட்டியில் லாரி எவான்சுக்கு எதிராக அதே காம்பிட்டைச் சற்று வேறு வழியில் தாமே ஆடி வென்றார்! செல்லாது என்று எழுதியவரே அதை ஆடத் துணிந்தார். எங்கே செல்லாது, எங்கே செல்லும் என்பதை ஆராய்ந்து வைத்திருந்ததனால் அன்றோ அத்துணிவு வந்தது? இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

இனிக் கடிகாரத்திற்கு வருவோம். இறவா ஆட்டம் நடந்த நாளில் சதுரங்கத்திற்குக் கடிகாரம் கிடையாது. ஒரு நகர்வுக்கு எவ்வளவு நேரமும் சிந்திக்கலாம். எதிரில் இருப்பவர் பொறுமையிழந்து வருந்துவதே மிச்சம். 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரம் வைத்தார்கள். 1883இல் இலண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. அன்று தொட்டு நேரமும் பலகையில் ஒரு காயாயிற்று.

இன்று பிள்ளைகள் விரும்பி ஆடுவது மின்னல் ஆட்டம். நம் மண்டபத்தில் ஒருவருக்கு 5 நிமிடம். கணக்கிட்டுப் பாருங்கள். 5 நிமிடம் என்பது 300 வினாடி. ஓர் ஆட்டத்திற்கு 40 நகர்வு என்று கொண்டால் ஒரு நகர்வுக்கு ஏழரை வினாடி. 90 நிமிடம் தரும் பெரிய போட்டியிலோ அதே 40 நகர்வுக்கு, நகர்வு ஒன்றுக்கு இரண்டேகால் நிமிடம். ஏழரை வினாடியில் கண் பார்க்கும், கை நகர்த்தும், மனம் ஆராயாது. கடன்காரன் வழி விசாரித்து வீடு வந்து சேருமுன்னரே ஆட்டம் முடிந்துவிடும். நெடிய ஆட்டத்தில் உதவாத காம்பிட் குறுகிய ஆட்டத்தில் வெல்வதன் காரணம் இதுவே.

இப்போது நம் பையனின் கதை. ஒன்பதாம் வகுப்பு மாணவன். கூச்சம் மிக்கவன், தமிழ் வகுப்பில் வாசிக்கச் சொன்னால் தலை குனிபவன். ஒரு ஞாயிறு மாலை, ‘மாமா, ஐந்து நிமிடம் ஆடலாமா?’ என்று அவனாகவே வந்து கேட்டான். எனக்கு வெள்ளை, அவனுக்குக் கறுப்பு.

நான் ராஜாவின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தினேன். அவனும் அவ்வாறே நகர்த்தினான். நான் ராஜா பக்கத்துக் குதிரையை எடுத்து அவன் சிப்பாயைத் தாக்கினேன். அவன் அதைக் காக்காமல் தன் குதிரையால் என் சிப்பாயைத் தாக்கினான். இது பழைய வழியே. 19ஆம் நூற்றாண்டின் ரஷ்ய ஆட்டக்காரர் பெட்ரோவின் பெயரால் வழங்குவது. நான் சிப்பாயை வெட்டினேன். இங்கே முறையான ஆட்டக்காரன் என் குதிரையை முதலில் விரட்டிவிட்டுப் பிறகு தன் சிப்பாய்க் கணக்கைச் சரிசெய்துகொள்வான். பையனோ தன் இரண்டாவது குதிரையை எடுத்து என் குதிரைக்கு எதிரே நிறுத்தினான். குதிரைக்குக் குதிரை வெட்டுண்டன. பார்த்தால், அவனிடம் ஒரு சிப்பாய் குறைவு. போதாததற்கு அவன் சிப்பாய்கள் இரண்டு ஒரே நிரலில் ஒன்றன்பின் ஒன்றாய் முடங்கிக் கிடந்தன. ‘பிள்ளை தவறிவிட்டான்’ என்று இரங்கினேன்.

அதற்கு ஸ்டாஃபோர்டு காம்பிட் என்று பெயர் என்பதை அன்று நான் அறியேன். 2020ஆம் ஆண்டையொட்டி எரிக் ரோசன் என்னும் அமெரிக்க ஆட்டக்காரர் தம் காணொளிகளில் ஆடிக் காட்டி அதை உலகெங்கும் பரப்பினார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இழந்த சிப்பாய்க்கு ஈடாகக் கறுப்புக்குக் கிடைப்பது, திறந்து கிடக்கும் வழிகள். இரண்டு மந்திரிகளும் ராணியும் உடனே பாயலாம்.

என் நடுச் சிப்பாய்க்குக் காவலாக இன்னொரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினேன். அவன் மந்திரி புறப்பட்டு என் ராஜாவின் அருகிலுள்ள சிப்பாயை நோக்கி நின்றது. நான் என் மந்திரியை நீட்டி அவன் குதிரையைக் கட்டிப்போட்டேன். குதிரை நகர்ந்தால் பின்னால் உள்ள ராணி போய்விடும். எந்தப் பாடநூலைப் படித்தவனும் ஆடக்கூடிய இயல்பான நகர்வு. பையன் கட்டுண்ட அக்குதிரையைக் கொண்டே என் நடுச் சிப்பாயை வெட்டினான்! ராணி வெட்டவெளியில் நின்றது. நான் சிரித்துக்கொண்டே ராணியை வெட்டினேன். அவன் மந்திரி என் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டிச் செக் வைத்தது. ராஜாவுக்கு ஒரே ஒரு கட்டம், அங்கே போனேன். அவனுடைய மற்றொரு மந்திரி வந்தது. செக்மேட். எட்டே நகர்வு. ராணியைக் கையில் பிடித்தபடி தோற்றுப்போனேன்.

கூடியிருந்த பிள்ளைகள் கைகொட்டி ஆர்த்தனர். நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். அதில் நான்கு நிமிடத்திற்கு மேல் மீதமிருந்தது! நேரம் இல்லாமையால் நான் தோற்கவில்லை. நேரம் இல்லையே என்ற அச்சத்தால் தோற்றேன். ராணி எளிதாகக் கிடைக்கிறதே, ஏன் என்று கேட்க அரை நிமிடம் செலவிட்டிருந்தால் போதும். மின்னல் ஆட்டத்தில் மனிதனை வீழ்த்துவது கடிகாரம் பாதி. கடிகாரத்தைப் பற்றிய கலக்கம் பாதி.

அடுத்த சில வாரங்களில் அவன் நம் காலனியில் வெல்லாத ஆளில்லை. ஆலைப் பொறியாளர்களும் கல்லூரி மாணவர்களும் அவனிடம் வீழ்ந்தனர். தலை குனிந்திருந்த பிள்ளை நிமிர்ந்து நடந்தான். பின்னர் ராய்ப்பூரில் சிறுவர்க்கான ஒரு போட்டி வந்தது. ஒருவருக்கு 90 நிமிடம். ஆறு சுற்றில் மூன்று முறை கறுப்பு, மூன்றிலும் எதிரிகள் அந்தப் பாதையிலேயே வந்தனர், மூன்றிலும் அவன் அதையே ஆடினான், மூன்றிலும் தோற்றான். எதிரில் அமர்ந்த பிள்ளைகள் கன்னத்தில் கை வைத்துப் பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் சிந்தித்தார்கள். பொறி தெரிந்துவிட்டது. பொறி தெரிந்தபின் இவனிடம் மிஞ்சியது என்ன? ஒரு சிப்பாய் குறைவு, அவ்வளவுதான்.

திரும்பி வந்தவனை நான் தேற்றினேனா? இல்லை. பிள்ளைகள் எல்லோர் முன்னிலையிலும், ‘அது பொய்யாட்டம், ஏமாற்று வித்தை, இனி இம்மண்டபத்தில் எவரும் அதை ஆடலாகாது’ என்று கட்டளையிட்டேன். என் சொல்லில் நெறி பாதி இருந்தது. எட்டு நகர்வில் தோற்றவனின் எரிச்சலும் பாதி இருந்தது. அதைப் பிள்ளை உணர்ந்திருப்பான் போலும். மறு ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் தாயார் ஒரு நாள் காய்கறிக் கடையில் என்னைக் கண்டு, ‘அண்ணா, பலகையை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டான். பழையபடி யாரோடும் பேசுவதில்லை’ என்றார்கள். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பொய்யாட்டம் என்று சொன்னேனே, அது உண்மையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சீட்டாட்டத்தில் ஒருவன் கையை மறைக்கிறான். சூதாட்டத்தில் உருண்டு விழும் வரை காயின் முகம் தெரியாது. சதுரங்கத்தில் எது மறைவு? 64 கட்டங்களும் வெட்டவெளி. பையனின் மந்திரிகள் எங்கே நின்றன என்பதை நானும் கண்டேன். அவன் என்னை ஏமாற்றவில்லை. நான் பார்க்கத் தவறினேன். ஆயின் அவன்மீது குற்றமே இல்லையா? இருந்தது. அவன் என்னையன்று, தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தான். தன் ஆட்டத்தில் ஓட்டை உண்டு என்பதை அவன் அறியவில்லை. அதை அறியச் செய்ய வேண்டிய ஆசிரியன், தடை போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

துணிவாட்டத்தை முற்றிலும் விலக்குவது நம் மரபும் அன்று. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் என்ற பட்டத்தை 1961இல் பெற்ற மானுவல் ஆரோன் அவர்களின் முயற்சியால், 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில் ஒரு சதுரங்க மன்றம் தொடங்கிற்று. அதற்கு வைத்த பெயர் மிகாயில் தாலின் பெயர். யார் அந்தத் தால்? லாட்வியா நாட்டு ரீகா நகரத்தவர். துணிந்த பலிகளால் எதிரிகளைத் திணறடித்து 1960இல் உலக வாகையர் ஆனவர். அவருடைய பலிகளுள் சில, ஆட்டம் முடிந்தபின் அமைதியாக ஆராய்ந்தால் செல்லாதவை என்று தெரியவந்தன. ஆனால் பலகையின் முன்னே, கடிகாரம் ஓடும்போது அவற்றுக்கு விடை காண்பது அரிதாயிருந்தது. 1988இல் கனடாவின் செயின்ட் ஜானில் நடந்த உலக மின்னல் ஆட்டப் போட்டியில், காஸ்பரோவும் கார்ப்போவும் ஆடிய களத்தில், 51 வயதில் முதலிடம் பெற்றவரும் அவரே.

அந்தத் தால் மன்றத்தில் மின்னல் ஆட்டம் ஓயாது நடக்கும். தோற்றவர் எழுந்து போகவேண்டும், வென்றவர் அமர்ந்திருப்பார். அவ்விருக்கையை விடாமல் பிடித்துக்கொள்ளப் பழகிய சிறுவர்களுள் ஒருவர்தாம் விசுவநாதன் ஆனந்த். 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். பின்னாளில் உலக வாகையர். 2017இல், 48 வயதில், உலகத் துரித ஆட்ட வாகையர். வேகம் அவரைக் கெடுக்கவில்லை, வளர்த்தது.

ஆனால் அதே ஆனந்த் அவர்களின் வாழ்க்கையில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1988இல் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவுக்கு எதிராக அவர் கறுப்பு ஆடினார். நம் பையன் ஆடிய அதே பெட்ரோவ் தொடக்கம். ஆனால் காம்பிட் அன்று, முறையான வழி. ஐந்தாம் நகர்வில் ஆனந்த் மந்திரியை வெளியே கொணர்ந்தார். ஆறாம் நகர்வில் சபாட்டா ராணியை ராஜாவின் முன் ஒரு கட்டம் நகர்த்தினார். ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்; ஒரு காய் போவதைத் தடுக்க வழியில்லை. முன்னாண்டு நடந்த கிராண்ட்மாஸ்டர் ஆட்டம் ஒன்றில் அந்த மந்திரி நகர்வு வந்திருந்தது. அங்கே எதிரி அதைத் தண்டிக்காமல் விட்டுவிட்டார். பிறர் ஆடியது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி ஆடியது ஆறு நகர்வில் முடிந்தது. அதுவோ நிறைய நேரம் தரும் நெடிய ஆட்டம்!

ஆகவே குற்றம் வேகத்தில் இல்லை, துணிவிலும் இல்லை. பிறர் ஆடிய நகர்வை ஆராயாமல் கைக்கொள்வதில்தான் குற்றம் இருக்கிறது. இதை விளங்கிக்கொண்ட பிறகு, என் பலகையை எடுத்துக்கொண்டு நானே அந்தப் பையனின் வீட்டுக்குப் போனேன்.

‘தம்பி, நான் உன்னிடம் தோற்ற கோபத்தில் பேசிவிட்டேன். இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடு’ என்றேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பலகையை விரித்தான். கடிகாரத்தை நான் கொண்டுபோகவில்லை. இடம் மாறி, அவனை வெள்ளைப் பக்கம் அமர்த்தினேன். ‘உன் காம்பிட்டை நான் ஆடுகிறேன், நீ அதை உடைத்துக் காட்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்’ என்றேன்.

முதல் நாள் அவனுக்கு விடை கிட்டவில்லை. இரண்டாம் நாளும் கிட்டவில்லை. தன் பொறியில் தானே விழுந்து சிரித்தான். மூன்றாம் நாள், குதிரையைக் கட்டிப்போடும் அந்தக் கவர்ச்சியான நகர்வை விடுத்து, ராஜா பக்கத்து மந்திரியை ஒரே ஒரு கட்டம், ராஜாவின் முன்னால், அடக்கமாக நகர்த்தினான். அடுத்து ராணிப் பக்கத்தில் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் ஏற்றினான். அதன் துணையோடு நடுச் சிப்பாயை முன்னே தள்ளி என் மந்திரியைத் துரத்தினான். என் தாக்குதல் நின்றது. என்னிடம் ஒரு சிப்பாய் குறைவு என்பது மட்டும் நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்து, ‘மாமா, நான் வெள்ளையாய் இருந்தால் இந்தக் காம்பிட்டிடம் இனித் தோற்கவே மாட்டேன்’ என்றான். சிறிது பொறுத்து, ‘அப்படியானால் ராய்ப்பூரில் நான் தோற்றது நியாயந்தான்’ என்றான். இந்த இரண்டாவது வாக்கியத்திற்காகத்தான் நான் மூன்று நாள் நடந்தேன். கணினியைக் கேட்டால் அது நொடியில் சொல்லியிருக்கும். வெள்ளைக்குப் பெருஞ் சாதகம் என்றே அது கணிக்கிறது. ஆனால் கணினி சொன்ன விடை கணினியினுடையது. அவன் கண்ட விடை அவனுடையது.

இங்கே என் தந்தையாரை நினைத்துக்கொள்கிறேன். 1981இல் வேலைக்கு இவ்வூர் புறப்பட்டபோது, வழிச்செலவுக்கு அவர் பக்கத்து வீட்டில் 300 ரூபாய் கடன் வாங்கினார். பணத்தை என் கையில் கொடுக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ‘முதலில் எழுதிக்கொள். எழுதி வைத்த கடன் ஆளைக் கொல்லாது. எழுதாத கடன்தான் முழுகடிக்கும்’ என்றார். இதைப் பையனிடம் சொன்னேன். இன்று அவன் சதுரங்க நோட்டில் அந்தக் காம்பிட்டின் பக்கத்தைத் திறந்தால், தலைப்பின்கீழ் முதல் வரியாக ‘கடன்: 1 சிப்பாய்’ என்று எழுதியிருப்பதைக் காணலாம்.

அவன் மீண்டும் வருகிறான். மண்டபத்தில் மின்னல் ஆட்டத்தில் அந்தக் காம்பிட்டை இன்னும் ஆடுகிறான், இன்னும் வெல்கிறான், என்னிடம் மட்டும் வெல்வதில்லை. வென்றபின், தோற்றவருக்கு அதை உடைக்கும் வழியையும் தானே காட்டிவிடுகிறான். அதனால் அவனுக்கு நட்டந்தான். காலனியில் அவனிடம் விழுவோர் தொகை மாதந்தோறும் குறைந்து வருகிறது. நெடிய போட்டிகளுக்கு முறையான வேறொரு தொடக்கத்தைப் பயின்று வருகிறான். அதில் வெற்றியும் தோல்வியும் கலந்தே வருகின்றன.

திருக்குறளில் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதை எண்ணி வியக்கிறேன். ஒரு துணிவாட்டத்தில் இறங்குமுன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளும் இவையே. இதனால் வருவது என்ன, போவது என்ன? என் வலி எவ்வளவு, எதிரியின் வலி எவ்வளவு? இருப்பது ஐந்து நிமிடமா, தொண்ணூறு நிமிடமா? இது ஞாயிறு மாலை மண்டபமா, பட்டம் பெறும் போட்டியா? நான்குக்கும் விடை தெரிந்தவன் ஆடுவது துணிவு. ஒன்றுக்கும் தெரியாதவன் ஆடுவதற்கு வேறு பெயர் உண்டு; நான் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர்களே! 2024இல் சென்னைச் சிறுவர் குகேஷ் 18 வயதில் உலக வாகையர் ஆனதிலிருந்து, நம் காலனியிலும் பலர் வீட்டில் சதுரங்கப் பலகை வந்திருக்கிறது. மகிழ்ச்சி. ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆடிவிட்டு வந்தால், ‘வென்றாயா?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எப்படி வென்றாய்? எதிரி வேறு எப்படி ஆடியிருந்தால் நீ தோற்றிருப்பாய்?’ என்றும் கேளுங்கள். தேர்வுக்கு வரக்கூடிய வினாக்களை மட்டும் உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவரும் பிள்ளையிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். அதுவும் ஒரு காம்பிட்தான். பலிக்கும் வரை பலிக்கும்.

குழந்தைகளே! துணிந்து ஆடுங்கள். சிப்பாயைக் கொடுங்கள், ராணியையும் கொடுங்கள். கொடுக்குமுன் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, எதிரில் இருந்தவரோடு சேர்ந்து அதை மறுபடி ஒரு முறை ஆடிப் பாருங்கள். அந்த இரண்டாவது ஆட்டத்திற்கு நேரக் கணக்கு இல்லை.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பின்கட்டில் பலகைகள் விரித்திருப்போம். பெரியவர்களும் வரலாம். ராணியை யாரேனும் எளிதாகக் கொடுத்தால் மட்டும் ஒரு கணம் பொறுத்து, ஏன் என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.